எட் வின்னின் கைகள்

எட் வின்னை எனக்குப் பிடிக்கும் என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரு பழைய அமெரிக்கப் படத்தின் நடிகர் பட்டியலில் அவர் பெயர் இருந்தால் எனக்கு வேறு விவரம் எதுவும் தேவையில்லை, உட்கார்ந்துவிடுவேன். அவர் கதாநாயகன் இல்லை. பத்து நிமிடம் வருவார், சில படங்களில் மூன்றே நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்காக மீதிப் படத்தின் எல்லாக் குறைகளையும் மன்னிக்கலாம். உருண்டை முகம், வட்டக் கண்ணாடி, உச்சிக்குப் போய் உடைந்து இறங்கும் குரல், ஒன்றையொன்று தேடிப் பிடித்துப் பிசைந்துகொண்டே இருக்கும் இரண்டு கைகள். என் கண் எப்போதும் அந்தக் கைகளில்தான் இருக்கும். அரை நூற்றாண்டு காலம் மேடையில் சிரிப்பு மூட்டப் பழகிய கைகள் அவை. எழுபது வயதை ஒட்டி அவர் குணச்சித்திர நடிகராக மாறியபோது அந்தக் கைகளை மாற்றிக்கொள்ளவே இல்லை. அதே பதற்றம், அதே நடுக்கம். முன்பு அதைப் பார்த்து அரங்கம் குலுங்கிச் சிரித்தது. பின்பு அதே நடுக்கத்தைப் பார்த்து நெஞ்சு அடைத்தது. சினிமாவில் நான் பார்த்த அதிசயங்களில் இதற்கு ஈடாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

1886இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஐசையா எட்வின் லியோபோல்ட். அப்பாவுக்குத் தொப்பித் தொழில். மகன் கடையில் இருக்கும் தொப்பிகளை ஒவ்வொன்றாகத் தலையில் மாட்டிக்கொண்டு, அதை வாங்கப்போகும் ஆள் எப்படி நடப்பான், எப்படிப் பேசுவான் என்று நடித்துக் காட்டுவானாம். பதினைந்து வயது வாக்கில் வீட்டை விட்டு நாடகக்காரர்களோடு கிளம்பிவிட்டான். எட்வின் என்ற நடுப்பெயரை இரண்டாக உடைத்து எட் வின் ஆனான்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் வாட்வில். சினிமா எல்லா ஊருக்கும் வந்து சேரும் முன் அமெரிக்கச் சாதாரண மக்களின் பொழுதுபோக்கு அதுதான். ஒரே மேடை, வரிசையாக எட்டு ஒன்பது உருப்படிகள். பாட்டுக்காரி போவாள், பந்து வீசிப் பிடிக்கும் வித்தைக்காரர் வருவார், அவர் போனதும் பழக்கிய நாய்கள் வரும், பிறகு ஒரு கோமாளி. ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதற்குள் சிரிக்கவைக்காவிட்டால் அடுத்த ஊரில் வேலை இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் தேறியவர்களுக்கு நொடிக்கணக்கு ரத்தத்தில் ஏறிவிடும். எந்தச் சொல்லுக்கு முன் எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும், தலையை எப்போது திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு யோசிக்காமலே வரும். எட் வின்னின் கருவி தொப்பி. ஒரே தொப்பியை மடக்கியும் நெளித்தும் பல உருவங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளாக மாறுவார். 1913இல் நியூயார்க்கின் பேலஸ் தியேட்டர் திறந்தபோது முதல் நாள் நிகழ்ச்சியிலேயே அவர் இருந்தார். வாட்வில்காரர்களுக்கு பேலஸ் மேடை என்றால் பிறவிப் பயன்.

அங்கிருந்து ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ் என்ற ஆடம்பர மேடை நிகழ்ச்சிக்குப் போனார். 1915 நிகழ்ச்சியில் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் என்ற நகைச்சுவை நடிகர் பில்லியர்ட்ஸ் ஆடும் பேர்போன காட்சி ஒன்று இருந்தது. எட் வின் மேசைக்கு அடியில் புகுந்து சேட்டை செய்து, ஃபீல்ட்ஸுக்கு வர வேண்டிய சிரிப்பையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார், அதைக் கண்டுபிடித்த ஃபீல்ட்ஸ் பில்லியர்ட்ஸ் கோலாலேயே அவர் மண்டையில் ஒன்று போட்டார் என்று நாடக உலகத்தில் ஒரு கதை உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, இரண்டு பேரின் குணத்துக்கும் அச்சாகப் பொருந்துகிற கதை.

1919இல் நடிகர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அப்போது எட் வின் உச்சத்தில் இருந்த நட்சத்திரம். அவருக்கு அந்தப் போராட்டத்தால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் கூட்டத்தில் ஆடும் பெண்கள், ஒற்றை வரி பேசும் துணை நடிகர்கள் இவர்கள் பக்கம் நின்றார். தயாரிப்பாளர்கள் கதவை அடைத்தார்கள். அவர் கெஞ்சப் போகவில்லை. தானே எழுதி, தானே பாட்டுக் கட்டி, 1920இல் 'எட் வின் கார்னிவல்' என்று சொந்த நிகழ்ச்சியை மேடையேற்றினார். மறு வருடம் 'தி பெர்ஃபெக்ட் ஃபூல்'. முழு முட்டாள் என்ற அந்தப் பட்டம் கடைசிவரை அவரோடு ஒட்டிக்கொண்டது, அவரும் அதைப் பெருமையாகச் சுமந்தார்.

அந்தக் காலத்தில் அவர் மேடைக்குக் கொண்டுவந்த கண்டுபிடிப்புகளைப் படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. மக்காச்சோளக் கதிரை டைப்ரைட்டர் உருளை மாதிரி பொருத்திய ஓர் இயந்திரம்: வரிசையாகக் கடித்துக்கொண்டே போய், வரி முடிந்ததும் தள்ளிவிட்டு அடுத்த வரியைத் தொடங்கலாம். பியானோவையும் சைக்கிளையும் ஒன்றாக்கி, மிதித்துக்கொண்டே வாசிப்பார். 1930இல் 'சிம்பிள் சைமன்' நாடகத்தில் ரூத் எட்டிங் என்ற பாடகி அந்த வண்டியின் மேலே உட்கார்ந்து பாட, இவர் மேடை முழுக்க ஓட்டிக்கொண்டு போனார். இவ்வளவு கூத்திலும் ஓர் ஆபாசச் சொல் கிடையாது, யாரையும் மட்டம் தட்டியது கிடையாது. அவர் மேடையில் முட்டாளாக ஒருவர்தான் உண்டு, அது அவரே.

1932இல் வானொலிக்கு வந்தார். டெக்ஸாகோ எண்ணெய் நிறுவனத்தின் 'ஃபயர் சீஃப்' நிகழ்ச்சி. மைக் முன்னால் தனியாக நின்று பேச அவருக்குப் பயம். எதிரே ஆட்கள் சிரிக்காமல் எப்படிப் பேசுவது? ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் பார்வையாளர்களை உட்காரவைக்கச் சொன்னார். அதோடு விட்டாரா? வீட்டில் கேட்பவர்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாத கோமாளி உடையை மாட்டி, ஒப்பனை போட்டு, நிகழ்ச்சி நடுவிலேயே உடை மாற்றிக்கொண்டு நடித்தார். காதுக்கு மட்டுமே போகும் வேலைக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை அலங்காரம் செய்துகொண்ட இந்த மனிதர்மேல் எனக்கு மதிப்பு வந்த இடம் இதுதான்.

அதன்பின் சறுக்கல். 1933இல் சொந்தமாக ஒரு வானொலி வலையமைப்பு தொடங்கி, சில வாரங்களிலேயே மூடும்படி ஆனது. கைப்பொருள் போயிற்று, குடும்பம் உடைந்தது. 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் மந்திரவாதி வேடம் தேடி வந்தபோது, சின்ன வேடம் என்று தள்ளிவிட்டார். 1949இல் தொலைக்காட்சியில் தன் பெயரில் நிகழ்ச்சி நடத்தி எம்மி விருது வாங்கினார் என்றாலும், ஐம்பதுகளின் நடுவில் அந்த மேடைச் சிரிப்புக்குக் காலம் முடிந்துவிட்டது. கோமாளித் தொப்பிக்கு வேலை இல்லை.

இடையில் ஒன்றை விட்டுவிட மனம் வரவில்லை. 1951இல் வால்ட் டிஸ்னியின் 'ஆலிஸ் இன் வொண்டர்லாண்ட்' கார்ட்டூனில் கிறுக்குத் தொப்பிக்காரருக்குக் குரல் கொடுத்தவர் இவர்தான். தொப்பிக்கடைக்காரர் மகன், தொப்பியால் பிழைத்தவர், கடைசியில் உலகக் குழந்தைகளுக்கெல்லாம் தொப்பிக்காரராகவே ஆனார்! வரைகலைஞர்கள் அசைவைப் பார்த்து வரைவதற்காக நடிகர்களை முதலில் நடிக்கவைத்துப் படம் பிடிப்பார்கள். முயலின் சட்டைப்பைக் கடிகாரத்தைப் பழுது பார்க்கிறேன் என்று வெண்ணெயும் ஜாமும் பூசும் காட்சியில் எட் வின் அந்த இடத்திலேயே இட்டுக்கட்டிப் பேசியது அவ்வளவு நன்றாக இருந்ததால், இரைச்சலோடு பதிவான அந்த ஒலியையே சுத்தப்படுத்திப் படத்தில் வைத்துக்கொண்டார்கள். என் அக்கா மகள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வாள். நானும் மறுத்ததே இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். எட் வின்னின் மகன் கீனன் வின். அப்பாவின் கோமாளித்தனத்தைத் தொடாமல், எம்.ஜி.எம். நிறுவனத்தில் குணச்சித்திர நடிகராகத் தன் பாதையைத் தானே போட்டுக்கொண்டவர். பாத்திரங்களில் நடித்துப் பாருங்கள் என்று அப்பாவை விடாமல் வற்புறுத்தியவர் அவர்தான். 1956இல் வாய்ப்பு வந்தது: ராட் செர்லிங் எழுதிய 'ரெக்வியம் ஃபார் எ ஹெவிவெயிட்'. சி.பி.எஸ். தொலைக்காட்சியின் 'பிளேஹவுஸ் 90' வரிசையில் ஒன்றரை மணி நேர நாடகம். நேரடி ஒளிபரப்பு. தவறினால் திரும்ப எடுக்க வழியில்லை, நாடே பார்க்கும்.

கதை ஓய்ந்துபோன ஒரு குத்துச்சண்டை வீரனைப் பற்றியது. ஜாக் பேலன்ஸ் அந்த வீரன். இனி மோதினால் கண் போய்விடும் என்று மருத்துவர் தடுத்துவிட்ட பிறகும் அவனை வைத்துக் காசு பார்க்க நினைக்கும் மேலாளராகக் கீனன். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் வீரனின் முகக் காயத்துக்கு மருந்து வைத்து ரத்தத்தை நிறுத்தும் கிழவர் ஆர்மியாக எட் வின். அதாவது, மகன் நேர்மை தவறுவார், அப்பா அவருக்கு எதிரே நின்று தட்டிக்கேட்க வேண்டும்.

ஒத்திகையில் எட் வின்னால் முடியவில்லை. வசனம் நிற்கவில்லை. பயம் வந்தால் பழைய கோமாளிச் சேட்டை தானாகத் தலைகாட்டும். சிரிப்பு இல்லாத மௌனத்தில் நிற்க அவருக்குத் தெரியவில்லை. செர்லிங்குக்குக் கலக்கம், மகனுக்கு அதைவிடக் கலக்கம். கடைசி நேரத்தில் கைகொடுக்க, அதே நாடகத்தில் சின்ன வேடத்தில் இருந்த நெட் கிளாஸ் என்ற நடிகரை ஆர்மியின் வசனங்களை ரகசியமாகப் பாடம் செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தன் அப்பாவுக்குப் பதிலாள் தயாராகிறார் என்று தெரிந்துகொண்டே அவரோடு ஒத்திகை பார்த்த மகனை நினைத்துப் பாருங்கள்.

அக்டோபர் 11 அன்று ஒளிபரப்பு. எட் வின்னுக்கு எழுபது வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. பதிலாளுக்கு வேலை வரவில்லை. அந்த ஒளிபரப்பின் படப்பதிவு இன்றும் இருக்கிறது, கொஞ்சம் மங்கல்தான். நான் பார்க்கும்போதெல்லாம் ஆர்மியின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். துண்டை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். வீரனின் தோளைத் தொடப் போய்ப் பாதியில் நிறுத்துகிறார். சொல்ல நினைப்பதை நாக்கு சொல்லும் முன் விரல்கள் சொல்லிவிடுகின்றன. நல்லவர்களாக நடிக்கும் பலர் தாங்கள் நல்லவர்கள் என்று தெரிந்தே நடிப்பார்கள். ஆர்மிக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பையனின் முகத்தில் எங்கெங்கே தையல் போட்டிருக்கிறது என்பதுதான். இத்தனை வருட வாட்வில் அவருக்குக் கற்றுத்தந்த காத்திருப்பு இங்கே வேறு வேலை செய்கிறது. அன்று சிரிப்பு வந்து விழுவதற்காக விட்ட அந்த இடைவெளியில் இன்று ஒரு கிழவரின் வெட்கமும் பாசமும் வந்து உட்காருகின்றன. 1962இல் இதே கதை சினிமாவாக வந்தபோது ஆர்மியாக மிக்கி ரூனி நடித்தார். நன்றாகவே நடித்தார். ஆனாலும் என் ஆர்மி எட் வின்தான்.

இந்த ஒத்திகைத் திகிலையே இயக்குநர் ரால்ஃப் நெல்சன் 1960இல் 'தி மேன் இன் தி ஃபன்னி சூட்' என்று தனியாக ஒரு தொலைக்காட்சி நாடகமாக எடுத்தார். எட் வின்னாக எட் வின், கீனனாகக் கீனன், செர்லிங்காகச் செர்லிங்! தான் தடுமாறியதை, தன்னை நம்பாமல் மகன் தவித்ததை, மறைக்காமல் ஊரறிய மறுபடி நடித்துக் காட்ட எவ்வளவு பெரிய மனது வேண்டும். கலைஞர்களைப் பற்றிய நாடகங்களில் இதற்கு மேல் ஒன்றை நான் வைக்கமாட்டேன்.

'ரெக்வியம்' ஒளிபரப்பான அதே காலகட்டத்தில் 'தி கிரேட் மேன்' படம் வந்தது. ஹோசே ஃபெரர் இயக்கி நடித்தது. செத்துப்போன ஒரு வானொலிப் பிரபலத்தின் உண்மை முகத்தைத் தேடி ஒரு செய்தியாளர் அலைகிறார். அந்தப் பிரபலத்துக்கு முதன்முதலில் வேலை கொடுத்த சிற்றூர் வானொலிக்காரராக எட் வின் வருகிறார். ஒரே ஒரு காட்சி. பார்த்ததும் நாமும் செய்தியாளரும், இது ஒரு வெள்ளந்திக் கிழம், எளிதாகப் பேச்சைப் பிடுங்கிவிடலாம் என்று நினைப்போம். அவர் பேசப் பேச, அந்தக் கீச்சுக்குரல் கொஞ்சமும் மாறாமலே, எதிரே இருப்பவர் நாற்காலியில் குறுகிப்போகிறார். அவர் தன்னைக் காட்டிக்கொள்ளக் கனத்த குரலைத் தேடிப் போகவே இல்லை. கோமாளிக் குரலே கண்ணியமாகிவிட்டது.

பிறகு 1959. ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் எடுத்த 'தி டைரி ஆஃப் ஆன் ஃபிராங்க்'. நாஜிகளுக்குப் பயந்து யூதர்கள் ஒளிந்திருக்கும் ஆம்ஸ்டர்டாம் மறைவிடத்துக்குக் கடைசியாக வந்து சேரும் பல் மருத்துவர் டஸ்ஸல். உள்ளே இருப்பவர்கள் வெளியே என்ன நடக்கிறது என்று ஆவலோடு கேட்க, இவர் ஒவ்வொரு பெயராக, யார் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சொல்கிறார். அந்தக் காட்சியில் அவர் பயப்படுவதாக நடிக்கவில்லை. பயத்திலேயே குடியிருந்துவிட்ட மனிதர் மாதிரி, சாதாரணமாகச் சொல்கிறார். கேட்கும் நமக்குத்தான் நடுக்கம் எடுக்கிறது. துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது 'பென் ஹர்' படத்துக்காக ஹியூ கிரிஃபித்துக்குப் போனது. எனக்கு அதில் இன்றும் உடன்பாடு இல்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அந்தப் பாத்திரத்துக்கு மூலமான ஃபிரிட்ஸ் ஃபெஃபர் என்ற மனிதரை மேடை நாடகமும் அதிலிருந்து எடுத்த இந்தப் படமும் ஒரு சிடுமூஞ்சியாகக் காட்டியது நியாயமில்லை. வதைமுகாமில் இறந்துபோனவர் அவர். எழுத்தில் இருந்த அந்த அநியாயத்தை எட் வின்னின் கைகள்தான் ஓரளவு ஈடுசெய்தன. பூனை முடி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு வாங்கும் இடத்திலும்கூட அவர் டஸ்ஸலைக் கேலிப்பொருள் ஆக்கவில்லை.

அதே வருடம் அக்டோபரில் 'தி ட்விலைட் ஸோன்' தொலைக்காட்சித் தொடரின் இரண்டாவது கதை, 'ஒன் ஃபார் தி ஏஞ்சல்ஸ்'. மறுபடியும் செர்லிங் எழுத்து. தெருவோரத்தில் பெட்டியை விரித்து வைத்து டையும் பொம்மையும் விற்கும் லூ புக்மேன். கோட்டும் டையும் அணிந்த ஒரு கனவான் உருவில் மரணம் வந்து நள்ளிரவில் கிளம்ப வேண்டும் என்கிறது. வானத்துத் தேவதைகளே வாய்பிளந்து கேட்கும்படி ஒரு பெரிய விற்பனைப் பேச்சு பேசிய பிறகுதான் வருவேன் என்று தவணை வாங்குகிறார் புக்மேன். தவணை கிடைத்ததும், இனி எங்கும் விற்கவே மாட்டேன் என்று சாமர்த்தியம் காட்டுகிறார். மரணம் பதிலுக்குத் தெருவில் விளையாடும் ஒரு சிறுமியைத் தேர்ந்தெடுக்கிறது. நள்ளிரவுக்குள் அவள் வீட்டுக்குள் மரணம் போய்விடக் கூடாது. வாசற்படியில் பெட்டியைத் திறக்கிறார் புக்மேன்.

அடுத்து வரும் நிமிடங்களை என்னால் உலர்ந்த கண்ணோடு பார்க்க முடிந்ததில்லை. தையல் நூலைப் பட்டு என்று புகழ்கிறார், டையைத் தடவிக் காட்டுகிறார், மரணமும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்குகிறது. தெருவியாபாரி என்றால் படபடவென்று பொரிய வேண்டாமா, எட் வின் திக்கித் தயங்குகிறாரே என்று குறை சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கையைப் பார்க்கவில்லை. புக்மேன் பிறவி வியாபாரி இல்லை, வாழ்நாள் முழுக்கச் சுமாராக விற்றவன். இன்று ஒரு குழந்தைக்காக, தன்னிடம் இல்லாத திறமையை எங்கிருந்தோ இழுத்துவந்து கொட்டுகிறான். அந்தத் திக்கல் இல்லாவிட்டால் அந்தக் காட்சிக்கு உயிரே இல்லை. பேலஸ் மேடையில் நின்ற ஒருவரால் மட்டுமே அதைச் செய்திருக்க முடியும் என்பது என் கட்சி.

அறுபதுகளில் டிஸ்னி அவரை விடவே இல்லை. 1961இல் 'தி ஆப்சென்ட் மைண்டட் புரொஃபசர்' படத்தில் வானொலிக் காலத்து நினைவுக்காக அவருக்குத் தீயணைப்புத் தலைவர் வேடம் கொடுத்தார்கள். அதில் மகன் கீனனுக்கு வில்லன் வேடம், பேரன் நெட்டுக்கும் ஒரு துண்டு வேடம். 1964இல் 'மேரி பாப்பின்ஸ்'. சிரிப்பு தாங்காமல் தரையை விட்டெழும்பி, உத்தரத்தை ஒட்டி மிதந்தபடி தேநீர் விருந்து வைக்கும் ஆல்பர்ட் மாமா. அதை உலகமே பார்த்திருக்கிறது, எழுபத்தைந்தைத் தாண்டிய வயதில் அந்தச் சிரிப்பை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று உலகமே வியந்திருக்கிறது. நான் அதைவிட ரசிப்பது, விருந்தாளிகள் புறப்பட வேண்டும் என்றதும் அவர் முகம் மாறி, மெல்ல இறங்கித் தரையைத் தொடும் கணம். டஸ்ஸலும் ஆர்மியும் அந்த ஒரு நொடியில் ஆல்பர்ட் மாமாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

1966 ஜூனில் இறந்தார். கடைசிப் படம் 'தி நோம் மொபைல்' அதற்கடுத்த வருடம் வெளியானது. அவரை மேரி பாப்பின்ஸ் வழியாக மட்டும் தெரிந்தவர்கள் அடுத்து 'ஒன் ஃபார் தி ஏஞ்சல்ஸ்' பாருங்கள், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அது பிடித்தால் 'ரெக்வியம்'. அதன் சூடு ஆறுவதற்குள் 'தி மேன் இன் தி ஃபன்னி சூட்' கிடைத்தால் அதையும் பார்த்துவிடுங்கள். பிறகு ஆர்மியின் கைகளைப் பற்றி என்னோடு பேச வாருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன்.